மென்பொருட் பொறியியலாளரும் அவைக்கு எடுத்துரைக்கும் ஆற்றலும்

நூல் செய்தான் ஒருவன் அதனை அவையிடத்து அரங்கேற்றிய பின்னரே அது நூலெனக் கொள்ளப்பட்டமை பண்டைத் தமிழர் வழக்கு. தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் இயற்றிய சிறப்புப்பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியனது அவையில் அதங்கோட்டாசானுக்குத் தெரித்துக் காட்டப்பெற்ற செய்தியைக் கூறும். அவ்வாசான் நூலிற் குற்றங்கண்டு வினாவினான் என்றும், வினாவியவற்றுக்கெல்லாம் ஆசிரியர் விடை இறுத்தார் என்றும் நச்சினார்க்கினியர் உரைப்பர். இது வரலாறோ கதையோ என்பது வேறு ஆராய்ச்சி. நூலறிவு ஒன்று, அவ்வறிவை அவைக்கு உணர்த்தும் அறிவு மற்றொன்று, பின்னையது இன்றி முன்னையது நிறைவுறாது என்பது அக்காலத்தார் கருத்தாதல் இதனால் விளங்கும்.

திருக்குறளில் இப்பொருள் வைக்கப்பட்ட இடமும் நோக்கத்தக்கது. சொல்வன்மை 65 ஆம் அதிகாரம். அவையறிதலும் அவையஞ்சாமையும் 72 ஆம், 73 ஆம் அதிகாரங்கள். இவற்றை வள்ளுவர் கல்வி என்னும் 40 ஆம் அதிகாரத்தை அடுத்து வையாது, அமைச்சனுக்கு உரியவற்றைக் கூறுமிடத்து வைத்தார். அமைச்சன் முடிவு செய்பவன் அல்லன். முடிவு செய்யும் வேந்தனுக்கு உண்மை நிலையை எடுத்துச் சொல்பவன். அவன் சொல் விளங்காதாயின் கேடு அவனோடு நில்லாது, நாட்டைச் சாரும். ஆதலின் அவனுக்குச் சொல்வன்மை அணிகலன் அன்று, தொழிலின் ஒரு கூறேயாம்.

இக்காலத்து மென்பொருட் பொறியியலாளர் பெரும்பாலும் இவ்வமைச்சனது நிலையிலேயே நிற்கின்றனர். வங்கியின் கணக்கு, மருத்துவமனையின் பதிவேடு, மழையளவு, பரீட்சைப் பெறுபேறு ஆகிய யாவும் அவர்கள் எழுதிய நிரல்களின் வழியே ஓடுகின்றன. ஆயினும் அவற்றைக் கொண்டு முடிவு செய்பவர் பிறர்.

"கணினிக்கு வேண்டுவது பிழையற்ற நிரல், பேச்சு எதற்கு?" என்று வினாவும் மாணாக்கர் பலர். இவ்வினா ஒதுக்கத்தக்கதன்று, இத்துறைக்கு வருவோருள் பலர் பேச்சிற் கூச்சமுடையராய், பொறியோடு தனித்திருந்து செய்யும் தொழில் இது என நம்பியே வருகின்றனர். ஆனால் பாலத்துக்கும் மென்பொருளுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் எண்ணுவதில்லை. பாலத்தில் விரிசல் கண்டால் வழிப்போக்கனும் அஞ்சி விலகுவான். மென்பொருளின் விரிசல் ஒருவர் கண்ணுக்கும் புலனாகாது. திரையில் தோன்றும் எண், சரியாகக் கணித்ததாயினும் தவறாகக் கணித்ததாயினும் ஒரே ஒழுங்கோடும் ஒரே நிறத்தோடும் தோன்றும். அந்நிரல் எவ்வெல்லைக்குள் நம்பத்தக்கது, எவ்வெல்லைக்கு அப்பால் நம்பத்தகாதது என்பதை அறிந்தவர் அதனை ஆக்கினோரும் இயக்கினோருமே. அவர் அதனைச் சொல்லாவிடின், அல்லது கேட்போர் உள்ளத்திற் படுமாறு சொல்லாவிடின், அவ்வறிவு உலகில் இல்லாததற்கு ஒப்பாகும்.

இதற்கு மிகத் துயரமான சான்று 2003 ஆம் ஆண்டு அமெரிக்காவில் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜனவரி 16 ஆம் நாள் கொலம்பியா என்னும் விண்ணோடம் எழுவரைச் சுமந்து புறப்பட்டது. இந்தியாவின் ஹரியானா மாநிலத்துக் கர்னாலிற் பிறந்த கல்பனா சாவ்லா அவ்வெழுவருள் ஒருவர். புறப்பட்டு ஏறத்தாழ 82 வினாடி கழிந்தபொழுது, புற எரிபொருட் கலத்தின் மேற்போர்வையாகிய நுரைப்பொருளில் ஒரு துண்டு பெயர்ந்து இடச்சிறகின் முன்விளிம்பைத் தாக்கியது. தாக்கியமை படத்திற் கண்டறியப்பட்டது. சிறகுக்கு நேர்ந்த கேடு எத்துணையது என்பது தெரியவில்லை. விண்ணோடம் வானில் இருந்த அந்நாள்களிலேயே பொறியியலாளர் குழு ஒன்று ஆராயத் தொடங்கியது.

அக்குழு கையாண்ட கருவிகளுள் ஒன்று 'கிரேட்டர்' என்னும் கணிப்பு நிரல். விண்ணோடத்தின் வெப்பங் காக்கும் ஓடுகளில் ஒரு துண்டு மோதினால் எவ்வளவு ஆழம் பள்ளம் விழும் என்பதை அது கணிக்கும். முன்னர் அது பெரும்பாலும் சிறு பனிக்கட்டித் துண்டுகள் பற்றிய கணிப்புக்கே பயன்பட்டது. அதனை ஒப்புநோக்கற்கு உரியதாக இருந்த சோதனையில் எறியப்பட்ட நுரைத்துண்டின் கனவளவு 3 கன அங்குலம். கொலம்பியாவைத் தாக்கியதாக மதிக்கப்பட்ட துண்டோ 1920 கன அங்குலம். அஃதாவது 640 மடங்கு. ஓட்டின் தடிப்பையும் கடந்து ஊடுருவல் நிகழக்கூடும் என்றே நிரல் விடை தந்தது. எனினும் அந்நிரல் மிகைபடக் கூறும் இயல்பினது என்பதும், ஓட்டின் அடிப்பகுதி செறிவு மிக்கது என்பதும் கருதி, அவ்விடை தளர்த்தியே பொருள்கொள்ளப்பட்டது.

இவ்வாராய்ச்சி மேலதிகாரிகளுக்குப் பவர்பொயின்ற் படவில்லைகளாக முன்வைக்கப்பட்டது. அவற்றுள் ஒன்று பின்னர் உலகப் புகழ் பெற்றது. அப்புகழ் எவரும் விரும்பத்தக்கதன்று. அப்படவில்லையின் தலைப்பு, கணிப்பு பாதுகாப்பின் பக்கம் சாய்ந்தது என்னும் கருத்துத் தொனிக்க அமைந்தது. தலைப்பின் கீழ்க் குறியிட்டு உள்ளடங்கிய வரிகள், அவற்றினும் உள்ளடங்கிய வரிகள் என எழுத்துப் படிப்படியாகச் சிறுத்துச் சென்றது. இப்போதைய நிலைமை சோதித்தறிந்த எல்லைக்கு மிகவும் புறம்பானது என்பதும், 1920 க்கும் 3 க்கும் உள்ள வேறுபாடும் அடியிலே, சிற்றெழுத்திலே கிடந்தன. 'குறிப்பிடத்தக்க' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒரே படவில்லையில் ஐந்து முறை வந்தது. எவ்வளவு குறிப்பிடத்தக்கது என்பது ஓரிடத்தும் சொல்லப்படவில்லை. கன அங்குலம் என்னும் அளவு கூட ஒரே பக்கத்தில் ஒரே வகையாய் எழுதப்படவில்லை. யேல் பல்கலைக்கழகத்திற் கற்பித்தவரும் தரவுகளைக் காட்சிப்படுத்தும் கலையில் வல்லவருமாகிய எட்வேட் டஃப்டி இக்குறைகளை வரிவரியாக ஆராய்ந்து காட்டினார். 2003 ஓகஸ்ற்றில் வெளிவந்த விசாரணைச் சபையின் அறிக்கையும் அவ்வாராய்ச்சியை எடுத்தாண்டு, தொழினுட்ப அறிக்கைகளின் இடத்தைப் படவில்லைகள் பற்றிக்கொண்டமையைக் குறைகூறியது.

கொலம்பியா திரும்பி வரும் வழியில், 2003 பெப்ரவரி 1 ஆம் நாள், தெக்சாஸ் வானில் சிதைந்தது. எழுவரும் மாண்டனர்.

ஒரு படவில்லையே எழுவரைக் கொன்றது என்று கூறுதல் மிகையாகும்; அவ்வாறு கூறுவாரும் உளர். சிறகின் படங்களைப் பெறுவதற்குப் பொறியியலாளர் விடுத்த வேண்டுகோள்கள் நிறைவேறவில்லை. நிறுவனத்தின் அமைப்பிலும் மனப்பாங்கிலும் ஊறிய குறைகள் பல என்று விசாரணைச் சபையே விரித்துரைத்தது. மேலும் அப்படவில்லை ஓடுகளைப் பற்றியது. துளைபட்டதோ சிறகின் முன்விளிம்பு. ஆயினும் ஒன்று மறுக்கவொண்ணாதது. "எம் நிரல் இத்தகைய தாக்குதலை அறியாது, அது தரும் விடையை நம்பி எவரும் ஆறுதல் அடைய வேண்டாம்" என்னும் ஒரு வாக்கியம் முதலில், பெரிய எழுத்தில், வாயாலும் சொல்லப்பட்டிருக்குமாயின், அவையோர் எழுந்து சென்ற மனநிலை வேறாக இருந்திருக்கும். அறிவு அவர்களிடம் இருந்தது. அது இருந்த இடமே பிழை.

அவ்வாண்டு ஜூலை 7 ஆம் நாள் தெக்சாசிலுள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில், ஏறத்தாழ 1.67 இறாத்தல் நிறையுள்ள நுரைத்துண்டு மணிக்கு 500 மைலுக்கு மேற்பட்ட விரைவோடு சிறகின் முன்விளிம்புத் தகட்டின்மீது எறியப்பட்டது. ஏறத்தாழ 16 அங்குல அகலமுள்ள துளை விழுந்தது. நுரை அத்துணைக் கேடு செய்யாது என்று கொண்டிருந்தாரது நம்பிக்கை அக்கணமே தகர்ந்தது. கண்முன் காட்டிய ஒரு சோதனை, அடுக்கடுக்கான படவில்லைகள் செய்யமாட்டாததைச் செய்துவிட்டது என்க.

நன்றாக எடுத்துரைத்தமையால் விளைந்த பயனுக்கும் சான்று உண்டு. டக்ளஸ் எங்கெல்பாட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், கணினி மனித அறிவுக்குத் துணையாகி அதனைப் பெருக்கவல்லது என்னும் தம் கொள்கையை 1962 இல் நீண்டதோர் அறிக்கையாக எழுதினார். அக்காலத்திற் கணினி என்பது கணக்கிடும் பெரும்பொறி. ஆதலின் அவர் கருதியது இன்னதென உணர்ந்தோர் சிலரே. 1968 டிசம்பர் 9 ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்த மாநாட்டில், ஏறத்தாழ 1000 பேர் முன்னிலையில், 90 நிமிடம் அவர் அதனைச் செய்தே காட்டினார். சுட்டி, திரையில் எழுத்தைத் திருத்தல், ஒரு சொல்லிலிருந்து மற்றோரிடத்துக்குத் தாவும் இணைப்பு, ஏறத்தாழ 30 மைல் தொலைவில் இருந்த உடனுழைப்பாளர் முகத்தைத் திரையிற் கண்டு உரையாடல் ஆகிய யாவும் அவ்வவையில் ஒருங்கே தோன்றின. அவர் எடுத்துக்கொண்ட உதாரணமோ எளிதினும் எளிது: வீட்டுக்குத் திரும்பும் வழியில் வாங்கவேண்டிய கடைச்சாமான் பட்டியல். அதனைத் திரையில் எழுதி, வகைப்படுத்தி, ஒழுங்கு மாற்றிக் காட்டினார். புதுமை பெரிதாயிருந்தமையாலேயே உதாரணம் சிறிதாயிருத்தல் வேண்டும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார் போலும்.

இலங்கையிலும் இத்தகைய செய்தி உண்டு. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல்கோள் நிகழ்ந்தபின், இந்நாட்டுக் கணினி வல்லுநர் தொண்டர்களாய்த் திரண்டு சில நாள்களுள் 'சகன' என்னும் மென்பொருளை ஆக்கத் தொடங்கினர். நிவாரணம் எனப் பொருள்படும் சிங்களச் சொல் அது. அம்மென்பொருள் காணாமற்போனோர் பதிவு, முகாம்களின் பதிவு, உதவி நிறுவனங்களின் பதிவு, வேண்டுகோள்களின் பதிவு என வகுக்கப்பட்டது. அவ்வகுப்பே கருதத்தக்கது; அது கணினியின் உள்ளமைப்பைத் தழுவியதன்று, துயருற்றோரிடையே பணிபுரிவார் கேட்கும் வினாக்களைத் தழுவியது. யாரைக் காணவில்லை? யார் எம்முகாமில் உளர்? யாருக்கு என்ன வேண்டும்? பின்னர் பாகிஸ்தானின் 2005 ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் ஹெயிற்றியின் 2010 ஆம் ஆண்டு நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதையும் பெற்றது. அழிவின் நடுவே நிற்கும் அதிகாரி ஒருவருக்கு நீண்ட பயிற்சி அளித்தல் இயலாது. அவர் சில நிமிடங்களில் விளங்கிக்கொள்ளத்தக்கதாய் ஒரு கருவியை ஆக்குதலும் விளக்குதலும் ஒரே திறமையின் இரு முகங்கள்.

இச்செய்தி இரத்தினபுரி மாவட்டத்தார்க்கு அயலானதன்று. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் பெருமழையாலும் மண்சரிவாலும் இம்மாவட்டம் பெருந்துயர் உற்றது. அயலிலுள்ள கேகாலை மாவட்டத்து அரநாயக்கவில் 2016 மே 17 ஆம் நாள் மலைச்சரிவு ஊர்களை மூடியது. நிவித்திகலவைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களின் லயங்களுட் பல, சரிவுகளை ஒட்டி நிற்பவை. மழை இரவிலே அவ்வீடுகளில் உறங்குவார்க்கு எச்சரிக்கை என்பது ஏட்டுச் சொல் அன்று.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படியாக வகுத்துள்ளது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தல், 100 மில்லிமீற்றர் கடந்தால் ஆயத்தமாதல், 150 மில்லிமீற்றர் கடந்தால் வெளியேறுதல் என்பது அதன் பொதுநெறி. மழைமானிகளிலிருந்து வரும் அளவுகளைத் திரட்டி உரியவிடத்துக்குச் சேர்ப்பதிற் கணினிக்குப் பெரும்பங்கு உண்டு. அத்தகைய அமைப்பொன்றை ஆக்கும் பொறியியலாளர் திரையில் "132 மில்லிமீற்றர்" என்று காட்டிவிட்டுத் தம் பணி முடிந்தது எனக் கருதலாமா? மூன்று பிள்ளைகளோடு லயத்தின் கடைசி அறையில் இருக்கும் தாய்க்கு அவ்வெண் யாது சொல்லும்? இன்னும் சிறிது மழை பெய்தால் இவ்விரவே வெளியேற வேண்டும் என்றோ, எந்தப் பாடசாலைக்குச் செல்லவேண்டும் என்றோ அது சொல்லாது. தமிழில் வாராத எச்சரிக்கையும் அவளுக்கு எச்சரிக்கையாகாது.

2014 ஒக்ரோபர் 29 ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிய கொடுமையை மலையகம் மறவாது. அவ்விடம் இடர் மிக்கது, மக்கள் அகலவேண்டும் என்று 2005 இலும் 2011 இலும் முன்னரே அறிவுறுத்தப்பட்டிருந்தது. அறிவு இருந்தது, அது செயலாகவில்லை. இதனை வெறும் சொல்வன்மைக் குறை என்று கூறுதல் நேர்மையாகாது. "போ" என்று சொல்லப்பட்டவர்க்குப் போகுமிடமாக ஒரு துண்டு நிலம் காட்டப்படாதவிடத்து, எத்துணைத் தெளிவான சொல்லும் அரைச்சொல்லே. எனினும், இடரை அறிந்தவர் தொழிலாளரிடமும் தோட்ட நிருவாகத்திடமும் அரச அதிகாரியிடமும் வெவ்வேறாக, அவரவர் செய்யத்தக்கது யாது என்பதைப் பிரித்துச் சொல்லவேண்டிய கடமையினின்றும் நீங்கார். அவையறிதல் என்பதன் பொருள் அதுவே: ஒரே உண்மையை மூன்று அவைக்கு மூன்று வகையாய்ச் சொல்லல், மூன்று உண்மை சொல்லல் அன்று.

இனி, தோட்டப் பாடசாலைகளிலிருந்து இத்துறைக்குச் செல்லும் மாணாக்கரை நோக்குதல் தகும். உயர்தரம் வரை தமிழில் பயின்று, பல்கலைக்கழகம் புகுந்தவுடன் கணினிக் கல்வி முழுவதையும் ஆங்கிலத்திற் பெறுவது அவர்க்கு முதல் இடர். இதே மாவட்டத்திற் பெலிஹுல்ஓயாவில் 1995 இல் நிறுவப்பட்ட சபரகமுவ பல்கலைக்கழகத்துக்குச் சென்றாலும் இவ்விடர் நீங்காது. வகுப்பில் முதல்வராய் நின்றவர் எடுத்துரைக்கும் நாளில் வாயடைத்து நிற்பதும், குழுவின் நிரலில் பெரும்பகுதியை எழுதியவர் பின்வரிசையில் அமர, ஆங்கிலம் சரளமாய்ப் பேசும் மற்றொருவர் அதனை விளக்கிப் பாராட்டுப் பெறுவதும் நிகழக்கூடியவை. பாராட்டு இடம்மாறுதல் சிறு இழப்பு. நிரலின் எல்லையை அறியாதவர் விளக்குவதாற் கேட்போர் தவறான நம்பிக்கை கொள்ளுதலே பேரிழப்பு.

ஆயினும் எல்லாவற்றையும் ஆங்கிலத்தின் மேல் ஏற்றுதல் பொருந்தாது. ஒரு செய்தியைத் தமிழிலேயே ஒழுங்காக விளக்க இயலாதவர் ஆங்கிலம் கற்றபின்னும் விளக்கமாட்டார். தோட்டப் பிள்ளைகளுக்கு மேடை புதிதன்று. தமிழ்மொழித் தினப் போட்டிகளிற் பரிசு பெற்றோர் அவர்களுள் பலர். ஆனால் அங்கே பேசப்படுவது பெரும்பாலும் ஆசிரியர் எழுதிக் கொடுத்து, மாணவர் நெட்டுருச் செய்து, கையசைவோடு ஒப்புவிப்பது. இடையில் ஒருவர் எழுந்து "அஃது ஏன்?" என்று வினாவினால் அப்பேச்சு அங்கேயே முறியும். அதங்கோட்டாசான் வினாவும் அவைக்கு அப்பயிற்சி உதவாது. 1847 டிசம்பர் 31 ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் பிரசங்கம் தொடங்கியபொழுது, கேட்போர்க்குப் பொருள் விளங்கவேண்டும் என்பதே அதன் நோக்கமாயிருந்தது. அந்நெறி நம்மவரிடையே பின்னர் அடுக்குமொழியில் மறைந்தது எனலாம்.

மற்றுமோர் இடர் ஆழமானது. தோட்டத்தின் பழைய ஒழுங்கிற் காலைப் பிரட்டுக் களத்தில் சொல் ஒரு வழியாகவே சென்றது. துரையும் கங்காணியும் சொல்ல, வரிசையில் நின்றார் கேட்டனர். தலைமுறை தலைமுறையாகக் கேட்டே பழகிய குடியின் பிள்ளை, மேலாளர் ஐவர் முன் நின்று "இந்நிரல் இன்னும் ஆயத்தமாகவில்லை" என்று சொல்லுதற்கு வேண்டுவது இலக்கணம் மட்டுமன்று. அவையஞ்சாமையைத் தனி அதிகாரமாக வகுத்தமையின் அருமை ஈண்டுப் புலனாகும். அஞ்சாமை என்பது உரத்துப் பேசுதலன்று. விரும்பப்படாத உண்மையை மெல்லிய குரலிலேனும் முதலிலே சொல்லல்.

இப்பயிற்சியைப் பல்கலைக்கழகத்துக்கு விட்டுவைத்தல் வேண்டா. பத்தாம் வகுப்பில் தகவல் தொழினுட்பம் பயிலும் மாணவன் ஒரு சிறு நிரல் எழுதுவானாயின், அதனை வகுப்பிலே திரையின்றி ஐந்து நிமிடம் விளக்கட்டும், எதனை அது செய்யாது என்பதை முதல் நிமிடத்திலே சொல்லட்டும், ஏனையோர் வினாவட்டும். பின்னர் வீட்டிலே தாய்க்கு விளக்கட்டும். கொழுந்து நிறுக்கும் மின்தராசோடு இணைந்து நாள்நிறையைப் பதியும் நிரல் அதற்கு ஏற்ற பொருள். சாக்குக்கெனவும் ஈரத்துக்கெனவும் எவ்வளவு கழிக்கப்படுகிறது, அக்கழிவை நிரலில் இட்டவர் யார், அதனை மாற்றவல்லார் யார் என்று அவள் கேட்பாள். மாலையில் கூடையை இறக்கிவைத்து நிற்கும் அவளுக்கு ஒவ்வொரு கிலோவும் கூலியாதலின், விளங்காத விடையை அவள் ஏற்கமாட்டாள்.